கடைசி வரியில் பிழை

"ஒக்டாவ், என் மானத்தைக் காப்பாத்துடா! சாயங்காலத்துக்குள்ள இந்த புரோகிராம் ஓடலைன்னா ஆபீஸ்ல என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க." மடிக்கணினியும் கையுமாக உள்ளே நுழைந்தான் லிவியு.

கதவைத் திறந்துவிட்ட ஒக்டாவின் மனைவி இலிங்கா, அவன் காதோடு சொன்னாள்: "காலையில என்னைப் பார்த்தே யாருன்னு கேட்டார், லிவியு."

நண்பர்கள் இருவரும் ருமேனியாவின் திமிஷ்வாரா நகரில் ஒரே அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில் பெர்ல் என்ற கணினி மொழியில் நிரல் எழுதியவர்கள். மறதி நோய் வந்ததிலிருந்து ஒக்டாவ் வீட்டோடு இருந்தான். ஐம்பத்திரண்டு வயதுதான்.

"என்ன சொல்லுது?" என்றான் ஒக்டாவ்.

"கடைசி வரியில தப்புங்குது. அங்க ஒண்ணுமே இல்லடா."

"முட்டாள், அது தேடிக் களைச்சு நின்ன இடம். தொலைஞ்ச இடம் மேல எங்கயோ இருக்கும்."

ஒக்டாவின் விரல் திரையில் ஒவ்வொரு 'இஃப்' கட்டளையாக இறங்கியது. பாதியில் நின்றது. எதைத் தேடினோம் என்பதே நழுவிப்போனவனாய் ஜன்னல் பக்கம் திரும்பினான். கீழே டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.

லிவியு அவசரப்படுத்தவில்லை. திரையைப் பார்க்கவும் இல்லை; நண்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இலிங்கா வைத்த காபி ஆறிப்போயிற்று.

ஒக்டாவ் மறுபடி மேலிருந்து ஆரம்பித்தான். நெற்றி வியர்த்தது. மூன்றாம் முறைதான் விரல் ஓரிடத்தில் குத்தி நின்றது.

"இந்தா! இங்க 'இஃப்' போட்டு அடைப்புக்குறியைத் திறந்திருக்கே, மூடவே இல்ல. கழுதை, இத்தனை வருஷமா இதே பொழப்பு உனக்கு!"

ஒரே ஒரு குறியைத் தட்டினான். நிரல் ஓடியது.

"பொழைச்சேன்டா!" லிவியு அவனைக் கட்டிக்கொண்டான். "இலிங்கா, இவன் இல்லைன்னா எங்க கதி அதோகதிதான்!"

சமையலறை வாசலில் நின்ற இலிங்கா சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினான் ஒக்டாவ். கதவு திறந்ததும் லிவியுவின் கோட்டுக் கையைப் பிடித்து நிறுத்தினான். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் லேசான தப்பா வச்சுக் கொண்டு வாடா."