இடப்பக்கக் கதவு

அவர் குதிகாலால் முன்சக்கரத்தை ஒரு தட்டு தட்டினார். காற்று சரியாக இருந்தது.

மற்ற மூன்றையும் தட்டினார்.

மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். வாடகைக் காரின் சாவி அவள் கையில். கடைக்காரப் பெண் டிக்கியைத் திறந்து காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் ஆகிறது.

வேலிக்கு அந்தப்பக்கம் ரயில் நிலையம். ஆஸ்திரியாவில் ஏதோ ஒரு சின்ன ஊர். எட்டித் தொடலாம் போல மலை.

"ரயில்லயே போயிருவோமாப்பா?" என்றாள் பூங்கோதை.

அவர் நிமிர்ந்தார்.

ஒரே டிக்கெட்டில் அம்மாவோடு மூன்று பேரும் நாள் முழுக்கச் சுற்றலாமாம். ஏரியை ஒட்டியே தண்டவாளமாம். கார் என்றால் நெடுஞ்சாலைக்குத் தனியாகக் காசு கட்டி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். அறை எடுத்திருக்கும் மலை ஊருக்கு ரயில் இல்லைதான். அதனால் என்ன, அடிவாரத்திலிருந்து பஸ் இருக்கிறதாம்.

எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும்.

ஆனால் பதினைந்து நாளைக்கு முன்னால் இதே பிள்ளைதான் போனில் சொன்னது. அப்பாவுக்கு முழங்கால் முடியாது, வாசல் வரைக்கும் காரில் கொண்டுபோய் இறக்குவேன் என்று.

போன தை மாதம் இங்கே பனியில் அவள் கார் சறுக்கியது. இரண்டு சுற்றுச் சுற்றி, ஓரத்துக் கம்பியில் இடித்து நின்றது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. மறுநாளே ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள்.

ரயிலில்.

அன்றிலிருந்து எல்லாமே ரயில்தான்.

அவருக்கும் ரயில்தான் ஆசை. முப்பது வருடம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றியவர். பயணம் என்றால் தக்காளிப் பெட்டிகளின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு போவது. மேஜை வைத்த ரயிலில் ஜன்னலோரமாக உட்கார வேண்டும் என்று விமானம் ஏறும் முன்பே நினைத்து வைத்திருந்தார்.

சரி தாயி என்றால் முடிந்தது.

வாய் திறக்கும்போது மொக்கராசு டிரைவர் ஞாபகம் வந்து தொலைத்தது.

மணப்பாறைப் பக்கம் அவருடைய லாரி கவிழ்ந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. ஒரு வாரம் வீட்டில் இருங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். இவரும் சொன்னார். வாரம் மாதமானது. இப்போது மார்க்கெட் வாசலில் இளநீர் வெட்டுகிறார். நன்றாகத்தான் இருக்கிறார். லாரி ஏதாவது ஹாரன் அடித்து வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, சீவின இளநீரையே இன்னும் சீவுவார்.

இதை மகளிடம் எப்படிச் சொல்வது.

"எனக்கு ரயில்ல தலை சுத்தும் தாயி."

பெஞ்சில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்துவிட்டாள்.

"யாருக்கு? மெட்ராசு வரைக்கும் கக்கூஸ் வாசல்ல நின்னுகிட்டே தூங்குன மனுசனுக்கா?"

பூங்கோதையும் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது.

"பதினொண்ணு பத்துக்கு ரயிலு. சாவியத் திருப்பிக் குடுத்துட்டு வந்துர்றேன்."

சொன்னாளே தவிர, நகரவில்லை.

டிக்கி திறந்தே கிடந்தது. கீழே மூன்று பெட்டிகள். திறந்த வண்டியும் தரையில் கிடக்கும் சரக்கும் கண்ணில் பட்டால் அவர் கை சும்மா இருக்காது. பெரிய பெட்டியைப் படுக்கவைத்துக் கடைசிவரை தள்ளினார். சின்னது இரண்டையும் இறுக்கி நிறுத்தினார். இடுக்கில் மனைவியின் அரிசிப் பையைச் சொருகினார். அசைத்துப் பார்த்தார்.

ஆடவில்லை.

"என்னப்பா பண்றீங்க?"

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. இறக்கலாம்தான். ஆனால் ஏற்றின வண்டி கிளம்பும் முன்பே சரக்கை இறக்கி அவருக்குப் பழக்கமில்லை.

வெட்கமாக இருந்தது. முழங்கால் வேறு குத்தியது. கொஞ்சம் உட்காரலாம் என்று முன்னால் போனார். ஊரில் எந்த டிரைவரோடு போனாலும் அவர் ஏறுகிற பக்கம்தான். இடப்பக்கக் கதவைத் திறந்து, ஏறி, சாத்திக்கொண்டார்.

எதிரே ஸ்டியரிங் இருந்தது. இந்த நாட்டுக் கார்களில் அது இடப்பக்கம்.

இரண்டு கைகளையும் முழங்கால்மேல் எடுத்து வைத்துக்கொண்டார். பந்தியில் அடுத்தவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது போல இருந்தது.

"போலாம் ரைட்டு!" மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏய் கோதை, அப்பன் ஓட்டுறாராம்டி. டிக்கெட்டு எடுத்துரு!"

வேலிக்கு அந்தப்பக்கம் ரயில் வந்து நின்றது. சிவப்பு ரயில். கதவுகள் திறந்தன.

பூங்கோதை அதைப் பார்த்தாள். பிறகு காருக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாள்.

விறுவிறுவென்று வந்து அவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்கப்பா. அது என் எடம்."

சொன்ன பிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அவர் அவசரப்படவில்லை. ஒரு காலை ஊன்றி, மறுகாலை மெல்ல எடுத்து இறங்கினார். பின்பக்கமாகச் சுற்றிப் போனார். டிக்கியை அழுத்தி மூடினார். ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் யாரோ ஒருவர், மேஜையில் காபியை வைத்துவிட்டு மலையைப் பார்த்தபடி போனார். கடைசிப் பெட்டி போகும்வரை அவரும் நின்று பார்த்தார்.

காருக்குள்ளே, பூங்கோதை சீட்டை முன்னால் இழுக்கும் சத்தம் கேட்டது.