செயலாளருக்கு அடித்த மணி

“மணிக்காரருக்காகப் பேச வந்திருந்தீங்கன்னா செருப்பைக் கழட்டாதீங்க, பாஸ்டர்!”

சபைச் செயலாளரின் மனைவி கதவைப் பாதி திறந்து இப்படிச் சொன்னதும், ஒரு செருப்பைக் கழற்றியிருந்த பாஸ்டர் இன்னொன்றைக் கழற்றலாமா வேண்டாமா என்று முழித்தார்.

“அது வந்தும்மா...”

“எம் புருஷன் குத்துக்கல்லு மாதிரி உயிரோட இருக்கும்போதே சாவு மணி அடிச்ச ஆளு! அவருக்குப் பரிஞ்சு பேச உங்களுக்கு எப்படி மனசு வருது?”

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. நடந்தது அப்படி.

செயலாளருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஸ்ட்ரெச்சரில் போட்டு ஆம்புலன்சில் ஏற்றினார்கள். தூறல் விழுகிறதே என்று யாரோ போர்வையை முகம்வரை இழுத்துவிட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்று இதைப் பார்த்தவர் சர்ச் மணிக்காரர். அன்றைக்குக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டும் இருந்தார். என்ன ஏது என்று விசாரிக்க வேண்டாமா? ஒரே ஓட்டம். கயிற்றைப் பிடித்து, விட்டு விட்டு அடிக்கிற துக்க மணியை அடித்துத் தீர்த்துவிட்டார். ஓடி வந்தவர்களிடம், “செயலாளர் ஐயா போயிட்டாரு!” என்றும் சொல்லிவிட்டார்.

சபையார் உடை மாற்றி, மலர்வளையத்துக்குச் சொல்லி, வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டு மனிதரை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அவரைப் படுக்கவைத்துவிட்டு, கதவைச் சும்மா சாத்திக்கொண்டு, மனைவி மாத்திரை வாங்கப் போயிருந்தார். ஹாலில் கூட்டம் நிறைந்தது. மணிக்காரரும் வந்துவிட்டார். எல்லாரும் சடலம் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள்.

வெகுநேரம் கழித்துப் படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

“யாராச்சும் இந்த ஃபேனைப் போடுங்கப்பா!”

மலர்வளையத்தோடு நின்றிருந்த பொருளாளர் அதைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு தெருமுனைவரை ஓடினார்.

மறுநாளே மணிக்காரரின் வேலை போயிற்று.

அதற்குப் பிறகு சபைக்கும் நிம்மதி இல்லை. “இது என்ன பெரிய வித்தை?” என்று பொருளாளர் கயிற்றை இழுத்தார். மணி அவரை இழுத்துவிட்டது. அந்தரத்தில் காலை உதறிக்கொண்டு தொங்கியவரை நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். பாடகர் குழு அடித்த கல்யாண மணியைக் கேட்டு, எங்கேயோ தீப்பிடித்துவிட்டதென்று பக்கத்துத் தெருக்காரர்கள் வாளியோடு வந்துவிட்டார்கள்.

மணிக்காரரோ குடியை அடியோடு விட்டுவிட்டார். ஆராதனை நேரமானால் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார்.

“இதுக்குத்தான் ஆண்டவர் என்னைப் படைச்சாருன்னு இருந்தேன், பாஸ்டர். இப்ப எதுக்கு இருக்கேன்னே தெரியலை” என்று ஒருநாள் உடைந்துவிட்டார்.

அதனால்தான் இந்த வாசலில் ஒற்றைச் செருப்போடு நிற்கிறார்.

“அவரை உள்ளே விடு” என்று கட்டிலிலிருந்து செயலாளர் குரல் கொடுத்தார்.

பிடிவாதத்தில் செயலாளர் உடும்பு. பாஸ்டர் உள்ளே போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஐயா, மூணு தரம் ‘அவரைத் தெரியாது’ன்னு மறுதலிச்ச சீஷனையே ஆண்டவர் தள்ளிவிடலை. திரும்பக் கூப்பிட்டு அவன் வேலையையே அவன் கையில குடுத்தார். கிருபைன்னா அதுதானே? நீங்க மட்டும் மனசு வெச்சா...”

“அவனை நீக்கச் சொல்லி நான் சொன்னேனா?”

“நீங்க சொல்லலை. உங்க மனசு நோகக்கூடாதேன்னு நான்தான்...”

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அன்னைக்கு வந்துட்டுப் போனவர், இன்னைக்குத்தான் இந்தப் பக்கம் தலை காட்டுறீங்க.”

பாஸ்டர் நெளிந்தார்.

“அன்னைக்கு ஹால்ல பேசினது அத்தனையும் இங்கே படுத்தபடி கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அடுத்த செயலாளர் யாருங்கிறதுதான் எல்லாருக்கும் கவலை. இந்தக் கதவோரமா மட்டும் ஒருத்தன், ‘இனிமே என்னை உரிமையா திட்ட யாரு இருக்கா?’ன்னு தேம்பித் தேம்பி அழுதான். மணிக்காரப் பயதான். எனக்காக அழுதது அவன் ஒருத்தன்தான், பாஸ்டர்.”

மனைவி பாஸ்டருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“அவனை நாளைக்கே வந்து மணியடிக்கச் சொல்லுங்க.”

பாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செயலாளரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“இந்த மனசு யாருக்கு வரும், ஐயா! இவ்வளவு பெரிய தப்பு பண்ணினவனை மறுபடியும் சேர்த்துக்கிறீங்களே!”

“அதுல என்ன இருக்கு? ‘அப்பாடா, இனிமேலாவது கமிட்டி உருப்படும்’னு அன்னைக்கு முதல் ஆளா சொன்ன உங்களையே வெச்சுக்கிட்டிருக்கோம். அவனை வெச்சுக்க மாட்டோமா?”