நுரை இறங்கும்வரை

வட்டிக்காரருக்கு அவன் தர வேண்டிய கடைசிப் பாக்கி நானூறு ரூபாய். அதைக் கழிக்கத்தான் இன்றைக்கு இந்தக் கார் கழுவும் வேலை. ஸ்பிரேயரால் கார் முழுக்க நுரையைப் பீய்ச்சிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“என்னய்யா வேடிக்கை? துணியை எடுத்துத் தேய்!” என்று அதட்டினார் வட்டிக்காரர்.

“நுரையே மண்ணை இளக்கி இறக்கட்டும்ண்ணே. இப்பவே தேய்ச்சா பெயிண்ட்டுல கீறல் விழும்.”

“எனக்கே இல்லாத அக்கறை உனக்கெதுக்கு?”

நுரை வழிந்து இறங்கியதும் தண்ணீர் அடித்துக் கழுவி, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்தான்.

வட்டிக்காரர் சாவியை நீட்டினார். “கணக்கு தீர்ந்துச்சு. அடகு வெச்ச உன் வண்டியை எடுத்துட்டுப் போ.”

கழுவிய அந்தக் காரிலேயே அவன் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

அவர் தலையைச் சொறிந்தார். “ஒரு வருஷமா இதுலயே சுத்திப் பழகிட்டேன். என்னை வீட்டுல விட்டுடுறியா?”

“வாங்கண்ணே. செருப்பை மட்டும் நல்லா உதறிட்டு ஏறுங்க.”