பாலத்துக்குக் கீழே

பாலத்துக்குக் கணக்குப் போட்டவர் அதன் அடியில் நிற்க வேண்டும்; மற்றவர்கள் மேலே நடப்பார்கள். அந்தப் பொறியியல் கல்லூரியில் மாணவர்கள் கட்டும் ஒவ்வொரு மரப்பாலத்துக்கும் அதுதான் வழக்கம். இந்த முறை கணக்குப் போட்ட சுகிர்தா வறண்ட வாய்க்காலில் இறங்கி நின்றாள். பல வருடம் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்துவிட்டு, இரண்டாவது பட்டத்துக்குச் சேர்ந்தவள். அங்கே கணக்கில் நேராகாத சின்ன வித்தியாசத்தைத் தனியாகத் தள்ளிவைத்து, பிறகு தேடுவது அவள் பழக்கம். பாலம் தாங்கும் எடையிலும் ஒரு வித்தியாசம் இடித்தது. அதையும் அப்படியே தள்ளிவைத்திருந்தாள். தேட மறந்துபோனது, தலைக்கு மேல் பாலத்தின் மரம் முனகியபோதுதான் நினைவுக்கு வந்தது.

“இறங்குங்கப்பா! கணக்கு தப்பு!”

மேலே சிரிப்பு. “கீழ நிக்கிற எல்லாரும் இதத்தான்க்கா கத்துவாங்க,” என்றாள் வகுப்புத் தோழி நிலோஃபர். “போன வருஷம் ஒருத்தன் அம்மாவையே கூப்பிட்டான்.”

“நெஜமாத்தான் சொல்றேன்டி!”

“அவனும் அப்படித்தான் சொன்னான்க்கா.”

வெளியே ஓடிவிடலாம். ஆனால் மேலே அவர்கள் நிற்கிறார்களே. சுகிர்தா இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்தி மரத்தில் பதித்தாள். ஒவ்வொரு பாதத்தின் கனமும் தனித்தனியாகக் கைக்குள் இறங்கியது. கரையில் இன்னொருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு, சிரித்துக்கொண்டே பாலத்தில் ஏறக் காலைத் தூக்கினாள்.