இடது கைக்காரன் கையுறை

பழைய பேஸ்பால் கையுறை ஒன்றை உங்களிடம் கொடுத்தால், அது எந்தக் காலத்தது என்று சொல்ல முடியுமா? அமெரிக்காவின் அயோவாவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் மெர்ல் சொல்லிவிடுவார். முதலில் விரல்களைத்தான் பார்ப்பார்.

யாரோ வீட்டு முற்றத்தில் போட்டு விற்ற பழைய சாமான்களில் கிடைத்த கையுறையை, லொரெய்ன் அவர் மேசையில் வைத்தாள். இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பி வராத அண்ணன் ஆர்லோவுடையதாக இருக்குமோ என்று அவளுக்கு ஓர் ஆசை.

"விரலுக்கு விரல் வார் போட்டுக் கோக்கல. அப்ப போருக்கு முந்தினதுதான்," என்றார் மெர்ல். "வலது கையில மாட்டி, இடது கையால பந்து எறியறது. இடது கைக்காரன் சாமான்."

"ஆர்லோ இடது கைதான்!"

"ஊர்ல அவன் ஒருத்தன்தானா இடது கை? வருஷத்தச் சொல்லலாம் லொரெய்ன், ஆளச் சொல்ல முடியாது." உள்ளே விரலை விட்டவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தன வருஷத்துல தோல் காஞ்சு வெடிச்சிருக்கணுமே. வேர்த்த கை இப்பதான் கழட்டின மாதிரி ஈரமா இருக்கு. நீ மாட்டிப் பாத்தியா?"

"நான் எங்க மாட்டினேன்? கையுறை எப்பவும் அவனுக்குத்தான். அவன் எறியறத நான் வெறுங்கையில பிடிப்பேன். உள்ளங்கை சிவந்து வீங்கிடும். அழுதா, 'நாளைக்கு மெதுவா போடறேன் குட்டி'ம்பான். ஒரு நாளாவது போட்டானா, படுபாவி!"

மெர்ல் சிரித்துவிட்டார்.

அன்று படுக்கப் போகும் முன், ஆர்லோ செய்வது போலவே, தோலில் பந்துக்கான குழி படிவதற்காகக் கையுறைக்குள் பந்தை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மெத்தைக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் காலை கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது. லொரெய்னின் இடது உள்ளங்கை சிவந்திருந்தது. வீங்கவில்லை.