தொண்டை கட்டியவர்களுக்குப் பிரியாணி

"அங்கிள், இங்க ஐயப்பன்னு யாரு?"

சுவர் நிழலில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். 2005 மே மாதம், வெள்ளிக்கிழமை, டூட்டி இல்லாத நாள். அஜ்மானில் அந்த லேபர் கேம்ப்பின் கேட்டுக்குள் நெடுநெடுவென்று இரண்டு பையன்கள் வந்துகொண்டிருந்தார்கள். எதிரே இருக்கும் காலேஜின் பாஸ்கெட்பால் கேப்டன் முகம்மது ரிபாயும், அவன் டீமில் விளையாடும் உமாபதியும். ரிபாயின் கையில் பெரிய பிரியாணிச் சட்டி.

"நாந்தான் தம்பி" என்றார் போர்மேன் ஐயப்பன். தொண்டை கட்டியிருந்ததால் குரல் பாதிதான் வந்தது. "நேத்து மேட்ச்சுக்கு வாட்ச்மேன்கிட்ட கேட்டுட்டுத்தான் உள்ள வந்தோம். ஏதும் தப்பாப் போச்சா?"

"ஐயோ, கம்ப்ளெயின்ட் இல்ல அங்கிள். தேங்க்ஸ் சொல்ல வந்தோம். எங்க உம்மா உங்களுக்குன்னே செஞ்சது."

கேம்ப்புக்கு யாராவது வந்தால் ஒன்று திட்ட வருவார்கள், இல்லை வேலை ஏவ வருவார்கள். நன்றி சொல்ல யாரும் வந்ததில்லை. எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"எதுக்கு தம்பி எங்களுக்குப் போயி..." என்றார் ஐயப்பன்.

ரிபாய் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். தோற்பதற்கென்றே நேர்ந்துவிட்ட டீம் அவனுடையது. ஆடிய மேட்ச்சில் எல்லாம் அடி. பெற்றவர்கள்கூடப் பார்க்க வருவதை நிறுத்திவிட்டார்கள்.

"நேத்து நடந்தது எட்டு டீம் நாக்-அவுட்ல முதல் மேட்ச். அதுலயும் தோத்திருந்தா டீமையே கலைச்சிருப்பாங்க அங்கிள். பிரின்சிபால் சொல்லிட்டார். கடைசி குவார்ட்டர்ல பன்னெண்டு பாயின்ட் பின்னாடி இருந்தோம். நான் எறிஞ்சது ஒண்ணும் உள்ள விழல. அப்பத்தான் கேலரில நீங்க கத்த ஆரம்பிச்சீங்க."

"ஏதோ... கத்துனோம்" என்றார் ஐயப்பன்.

"ஏதோவா? ஒருத்தர் போர்வையைக் கொண்டாந்து கொடி மாதிரி ஆட்டினார்."

ஐயப்பனுக்குப் பக்கத்தில் இருந்த பாலகுரு மெல்லத் தலையைக் குனிந்துகொண்டான்.

உமாபதி பேச்சைப் பிடித்துக்கொண்டான். "நாங்க பந்தைத் தொட்டாலே கத்தினீங்க. அதுலதான் பாயின்ட் சமமாச்சு. எக்ஸ்ட்ரா டைம் அஞ்சு நிமிஷம் குடுத்தாங்க. அதுலயும் பின்னாடி போனோம், நீங்க விடல. திரும்பச் சமம். இன்னொரு அஞ்சு நிமிஷம். யாருன்னே தெரியாதவங்க நம்மள இவ்ளோ நம்புறாங்களேன்னு எங்களுக்கு வெறியே வந்துருச்சு."

"கடைசி செகண்ட்ல இவன் போட்ட பாஸ்கெட்ல ஜெயிச்சோம்" என்றான் ரிபாய். "அப்ப நீங்க ஒருத்தர்கூடக் கத்தல அங்கிள். அப்படியே தலையில கையை வச்சிட்டு உக்காந்துட்டீங்க. சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சு அவங்களுக்குன்னு எங்க கோச் சொன்னார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு."

ஐயப்பன் தலையைச் சொறிந்தார். "தம்பி, உள்ளதச் சொன்னா..."

பாலகுரு அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினான்.

"உள்ளதச் சொன்னா, நாங்கதான் உங்களுக்கு நன்றி சொல்லணும்" என்று முடித்தார் ஐயப்பன். "உங்களாலதான் நேத்து எங்களுக்கு உசுரே வந்துச்சு."

பெருந்தன்மை என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டான் ரிபாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"இன்னிக்குக் காலைல யாரும் கூப்பிடாமலே பசங்க எல்லாரும் பிராக்டிஸுக்கு வந்துட்டாங்க அங்கிள். இதுக்கு முன்னாடி நான் வீடு வீடாப் போய் எழுப்பணும். அடுத்த வியாழக்கிழமை செமிஃபைனல். நீங்க கேலரில இல்லன்னா திரும்பத் தோத்துருவோம். வருவீங்கல்ல?"

ஐயப்பன் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டூட்டி எப்படின்னு பாத்துச் சொல்றேன் தம்பி" என்றார்.

அது போதும் என்பதுபோல இரண்டு பையன்களும் அவர் கையை மாறி மாறிக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார்கள். கேட்டைத் தாண்டியதும் ஓட்டமெடுத்தார்கள். நேற்றுவரை தலை குனிந்து நடந்த பிள்ளைகள்.

கேம்ப் அறைகளின் பின்பக்கத்திலிருந்து எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "காம் கலாஸ் பாய். சப் ரூம் மே ஏசி சாலூ." வேலை முடிந்தது, எல்லா ரூமிலும் ஏசி ஓடுகிறது என்று அறிவித்தான்.

மூன்று நாளாக ஏசி ஓடாமல் அடுப்பாகச் சுட்டுக் கிடந்த அறைகளுக்குள் எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். பாலகுரு மட்டும் பிரியாணிச் சட்டியை மறக்காமல் தூக்கிக்கொண்டான்.

"அண்ணே, நம்ம ரூம்லயே குளு குளுன்னு ஆயிருச்சு. இனி வியாழக்கிழமை அங்க போயி எதுக்குத் தொண்டை கிழியக் கத்தணும்?"

ஐயப்பன் எதிரே காலேஜ் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"போகத்தான்டா வேணும். மேட்ச் முடிஞ்சா ஏசி ஹாலைப் பூட்டி நம்மள வெளிய அனுப்பிருவாங்கன்னுதானே, சமமாகி சமமாகி இழுத்துக்கிட்டே போகட்டும்னு நேத்து தோக்குற பக்கமாப் பாத்துக் கத்துனோம்? இந்தத் தடவ, அந்தப் புள்ளைக ஜெயிக்கணும்னு கத்துவோம்."