மணம் பார்த்தவர்

“இன்னொருக்கா மணந்து பாருங்க. நல்லா கிட்ட வச்சிப் பாருங்க.”

றம்லத் நீட்டிய கோழித் துண்டை நஸீம் மூக்கருகே பிடித்து ஆழமாக மூச்சை இழுத்தார்.

“ஒரு வாடையும் இல்ல. நல்லாத்தான் ஈக்கி.”

“மெய்யா?”

“மெய்தான். எத்தன தரம் சொல்ற?”

கணவர் சொல்லியும் அவளுக்குக் கலக்கம் தீரவில்லை. இரவு அக்குறணையில் கொட்டிய மழையில் கரன்ட் போயிருந்தது. எத்தனை மணிக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. விடிந்ததும் பிரிட்ஜைத் திறந்தால் ஐந்து கிலோ கோழியும் குளிர் விட்டுக் கிடந்தது. வேறு வாங்கலாமென்றால் இன்று போயா, பௌர்ணமி விடுமுறை. இறைச்சிக் கடை ஒன்றும் திறக்காது.

முன்பென்றால் அவளே ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். மூன்று வருடங்களுக்கு முன் வந்த காய்ச்சல் அவளுடைய மணத்தையும் ருசியையும் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது. பூண்டும் பினாயிலும் அவளுக்கு ஒன்றுதான். ஊருக்குச் சமைத்துக் கொடுக்கிறவளுக்கு மணம் தெரியாது என்று வெளியில் தெரிந்தால் யார் அவளை நம்பிச் சாப்பிடுவார்கள்? விஷயம் நஸீமுக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து அவர் சரி என்றால்தான் சட்டி அடுப்பில் ஏறும்.

றம்லத்தை அக்கா முறையில் ‘தாத்தா’ என்று கூப்பிடும் கண்டி வாடிக்கைக்காரி ஷஹ்மா, தன் மகளின் எட்டாவது பிறந்தநாளுக்குப் ‘பேய் விருந்து’ கேட்டிருந்தாள். எல்லாம் கோழியில் வேண்டும், பிள்ளைகள் பார்த்ததும் அலற வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

றம்லத் பிஸ்மி சொல்லிக் கத்தியை எடுத்தாள். நீளமாக வெட்டிப் பொரித்த துண்டுகளின் நுனியில் பாதாம் பருப்பைப் பதித்ததும் அவை நகம் வளர்ந்த விரல்களாயின. அரைத்த கோழி உருண்டைகளில் முட்டையின் வெள்ளைக்கருவும் அதன்மேல் கருமணியாக உலர்ந்த திராட்சையும் வைத்தாள். கண்முழிகள் தட்டிலிருந்து அவளையே பார்த்தன. கொத்தமல்லியும் புதினாவும் அரைத்து ஊற்றிய கறி, பாசி பிடித்த குட்டைபோல் பச்சையாகக் கொதித்தது.

வேறு சமையலென்றால் நிறத்தைப் பார்த்தாவது பிடித்துவிடுவாள். இன்றைக்கு எல்லாமே கெட்டுப்போனதுபோல் இருக்க வேண்டும் என்பதுதானே ஓடர்.

“ஷஹ்மாக்கு கோல் எடுத்து ஏலான்டு சொல்லுவமா?” அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இருபத்தஞ்சு புள்ளைகள் வருதாம். இந்த நேரத்தில என்னத்த சொல்ற?” நஸீம் ஒரு விரலை எடுத்துக் கடித்து மென்றார். “அருமையா ஈக்கி. நான் பாத்தேன்தானே. பயப்படாத.”

அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் அவள் மூடிகளைப் போட்டாள். எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நஸீமே கண்டிக்குப் போனார்.

அவர் திரும்பி வரும்வரை றம்லத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாந்தி எடுக்கும் பிள்ளைகளே கண்ணுக்குள் வந்தார்கள். அவர் வந்து, “குடுத்திட்டேன், எல்லாருக்கும் சந்தோஷம்” என்றதும் போய் அஸர் தொழுதாள். தொழுகையில்தான் மனம் கொஞ்சம் அடங்கியது.

எழுந்து குசினிப் பக்கம் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தேநீருக்கு வைத்த பால் பொங்கி வற்றி, சட்டி கருகிக்கொண்டிருந்தது. அடுப்புக்கு இரண்டடி தள்ளிக் கதிரையில் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து, நஸீம் நிம்மதியாகப் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

“பக்கத்திலதானே ஈக்கிறீங்க. இவ்வளவு கருகியும் மணக்கல்லியா?”

அவர் சட்டியைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

“ஒனக்கு வந்த காய்ச்சல் எனக்கும்தானே வந்திச்சு,” என்றார் மெதுவாக. “இனி சமைக்கவே மாட்டேன்டு நீ அழுதுகொண்டிருந்த. அந்த நேரம் எப்பிடிச் சொல்ற?”

றம்லத் ஷஹ்மாவுக்குக் கோல் எடுத்தாள். அவள் வாயைத் திறக்குமுன்பே பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் ஷஹ்மாவின் குரல் சிரித்தது.

“தாத்தா, நானே உங்களுக்கு எடுக்க இருந்தேன். ஒரு துண்டு மிச்சமில்ல. சட்டியக்கூட வழிச்சித் திண்டுட்டுதுகள்.”